கை நனைக்க ஒரு வாய்

ஜூன் 3, செவ்வாய்

காலை: இட்லி ஆறு, சாம்பார், தேங்காய்ச் சட்னி. ஆபீஸில் டீ, ஒரு வடை. மதியம் சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். சாயங்காலம் மிக்சர் ஒரு கை. ஒரு கை என்று எழுதினால் பொய். இரண்டு மூன்று இருக்கும்.

மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண் இந்த டைரியைக் கொடுத்து, வாயில் போடுவது அத்தனையையும் எழுதச் சொன்னாள். என் மகள் சங்கரியைவிடச் சின்னவளாக இருப்பாள். "மறைக்காம எழுதுங்கம்மா. யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள். ஐம்பத்தொரு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. திட்டு வாங்கிப் பழகாத உடம்பா இது.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழத் தண்டிக்கு ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்களாம். அப்புறம் மனநல ஆலோசகர் என்று ஓர் அம்மா. "எதுக்காக இதைப் பண்ணிக்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். சுகர், முழங்கால், குறட்டை என்று சொன்னேன். எல்லாமே உண்மைதான். எழுதிக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

காலை: தோசை நாலு. மதியம் தக்காளிச் சாதம். மற்றதை எழுத அலுப்பாக இருக்கிறது.

தரகர் வந்திருந்தார். தென்காசியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறானாம், பெங்களூரில் வேலையாம். போன மாதம் பெண் பார்த்துவிட்டுப் போன சங்கரன்கோவில்காரர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவே இல்லை. நான்தான் அன்றைக்குச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பொண்ணு லெட்சணமா இருக்கா அண்ணாச்சி. ஆனா தாயைப் போல பிள்ளைம்பாவல்லா, பத்து வருசம் கழிச்சு எப்படி ஆவாளோன்னு யோசிக்காவ" என்று இதே தரகர்தான் சொன்னார். இவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் மதுரைக்குப் போன் போட்டது அதற்கு மறுநாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுகர் முந்நூறைத் தாண்டியிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

தென்காசிக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. காலையிலேயே இவர், "ஏளா வல்லி, ஒனக்கு முட்டுவலி. நீ அடுக்களையிலயே இரு. தட்டெல்லாம் என் தங்கச்சி கொண்டு வரட்டும்" என்றார். நல்லதாகப் போயிற்று. அடுப்பு வேலையை யார் பார்ப்பது? கடைசியில் கும்பிடு போட ஒரு நிமிடம் நிலைப்படியில் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். கால்வரை வர கொஞ்ச நேரம் பிடித்தது.

பிடித்திருக்கிறதாம். பையனும் சங்கரியும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஆடி போகட்டும், ஆவணியில் நீங்கள் எங்கள் வீடு பார்க்க வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ராத்திரி சங்கரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். மிச்சம் இருந்ததை வீணாகிறதே என்று நானே போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஊட்டிய காலத்திலிருந்து அந்தப் பழக்கம். பிள்ளையை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தோம் என்பார்கள். நான் அவள் தட்டு மிச்சத்தையும் சேர்த்துத் தின்று வளர்த்தவள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆபரேஷன் 24ஆம் தேதி. ஆடி மாதமானால் ஒரு விசேஷமும் இருக்காது, யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று இவர் கணக்குப் போட்டார். கேட்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்வது. "குண்டுக்கு ஆபரேஷன்னு தெரிஞ்சா தென்காசிக்காரங்க வேற மாதிரி பேசுவாங்க. வம்ச நோயிம்பாங்க" என்றார். சரி என்றேன். இவர் பயந்த மனுஷர். கெட்டவர் இல்லை.

சங்கரியிடம் போனில் சொன்னோம். கோயம்புத்தூரில் காலேஜில் பாடம் நடத்துகிறாள். "இப்ப எதுக்கும்மா இது?" என்றாள். "சுகருக்காகத்தான்ட்டி" என்றேன். "நான் லீவு போட்டுட்டு வந்து பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

புரோட்டீன் பவுடர். சுண்ணாம்பைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்கவேண்டுமாம்.

ஜூலை 22, செவ்வாய்

நாளைக்கு அட்மிஷன். ஆபீஸில் மூன்று வாரத்துக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "கல்லு பெரிசா மேடம்?" என்று கேட்டார்கள். பெரிசுதான் என்றேன்.

பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதலாம். இதைப் படிக்கப்போகிற அந்த ஆலோசனைப் பிள்ளை திட்டமாட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

உயிரோடு இருக்கிறேன்.

ஜூலை 26, சனி

வயிற்றில் அஞ்சு ஓட்டை. அது வலிக்கவில்லை, தோள்பட்டைதான் வலிக்கிறது. உள்ளே அடைத்த காற்று அங்கே போய் நிற்கிறதாம். ஆபரேஷன் அன்று சாயங்காலமே நர்ஸ் எழுப்பி நடக்கவிட்டாள். மருந்து அளக்கிற மூடியில் தண்ணீர். ஒரு மூடியைக் குடித்து முடிக்க அரைமணி நேரம். மடக் மடக்கென்று ஒரு சொம்பைக் கவிழ்த்தவள் நான்.

சங்கரி பக்கத்தில் நாற்காலியிலேயே இருக்கிறாள். கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வாளா என்றால், சாப்பிட்டேன் என்கிறாள். எப்போது போனாள் என்று தெரியவில்லை. எனக்கு மயக்கம்.

ஜூலை 30, புதன்

வீடு. பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், இளநீர். எல்லாம் மூடிக் கணக்கு.

சங்கரியும் என்னோடு சூப்தான் குடிக்கிறாள். "நீ சாப்பிடாம இருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா வாசனையா சமைச்சுத் திங்கது? ஒனக்குத் துணைக்கு" என்றாள். அழுதுவிட்டேன். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி இருக்கும்? இவர் மட்டும் ஓட்டலில் இருந்து புரோட்டா வாங்கிவந்து மாடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வாசனை கீழே வரத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு விஷயம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பசியைக் காணோம். டாக்டர் சொன்னார்தான், பசியைக் கிளப்புகிற பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம் என்று. சொன்னது வேறு, ஆனது வேறு. காலையில் எழுந்தால் வயிறு கேட்கவே இல்லை. ஐம்பது வருஷம் கூடவே இருந்த ஆள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாற்போல இருக்கிறது. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் உண்டு. ஆனாலும் தேடுகிறது.

எதிர்வீட்டு அக்கா ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்தாள். "கல்லு எடுத்ததுக்கா இப்படி வாடிட்ட? ஒரு இட்லியாவது தின்னு, நான் பிட்டுப் போடுதேன்" என்று வாயருகே கொண்டுவந்துவிட்டாள். பொய் சொன்னால் இப்படித்தான் மாட்டவேண்டும். சங்கரி குறுக்கே வந்து காப்பாற்றினாள்.

குளியலறை வடிகாலில் ஒரு கொத்து முடி. மூன்று மாசம் கழித்துத்தான் கொட்டும் என்றார்கள், எனக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டது. என் முடி இவ்வளவு நீளமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். எடுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தென்காசியில் நாள் குறித்துவிட்டார்கள். ஆவணி எட்டு, ஆகஸ்ட் 24. ஆபரேஷன் ஆகிச் சரியாக ஒரு மாசம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது ஒரு வழக்கம். பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் சாப்பிடமாட்டோம். காப்பி, பலகாரம் கணக்கில் வராது. இலையில் சோற்றில் கை வைத்துவிட்டால், கை நனைத்துவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது. போட்ட இலையில் கை நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை.

இவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார். "நீ வராம இருந்தா தாயாருக்குப் பிடிக்கலம்பாங்க. வந்து சாப்பிடாம இருந்தா சம்பந்தமே வேண்டாம்னு எடுத்துக்கிடுவாங்க. ஒரே ஒரு வாய். முடியுமா?"

உணவு ஆலோசனைப் பெண்ணிடம் போனில் கேட்டேன். நாலாவது வாரம் கூழாகக் குழைத்த பருப்புச் சாதம் ஒரு கரண்டி வரை சாப்பிடலாம், நிறைய மென்று, மெதுவாக என்றாள். எதற்கு அவசரம் என்று கேட்டாள். விசேஷம் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பருப்புச் சாதம் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் கல் மாதிரி நின்றது. வாயெல்லாம் நுரை. கால்மணி நேரம் தொட்டியடியில் நின்றேன். சங்கரி முதுகைத் தடவிக்கொண்டே, "ஏம்மா இப்படி அடிச்சுப் பிடிச்சுத் திங்கணும்?" என்றாள். உன் கல்யாணத்துக்காகத்தான்ட்டி என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. சங்கரி கோயம்புத்தூர் கிளம்பினாள். சுடிதார் இடுப்பில் ஊசி குத்தியிருந்தாள். "என்னளா, நீயும் எளைச்சிருக்கியே" என்றேன். "ஒனக்குச் சேவகம் பண்ணுனா எளைக்காதா?" என்று சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போட்டோவில் நன்றாக விழுவாள்.

ஆகஸ்ட் 23, சனி

இறங்கிவிட்டது. பருப்பும் சோறும் நெய்யும் கையால் பிசைந்து ஒரு வாய். நிற்கவில்லை, குமட்டவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரீட்சையில் பிள்ளை பாஸானது போல ஓடிவந்து பார்த்தார். பதினாறு கிலோ குறைந்திருக்கிறது. மாம்பழக் கலர் பட்டு இனிமேல் கட்டலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்புறம் மாற்றி நினைத்துக்கொள்வேன்.

நல்ல வீடு. நல்ல மனுஷர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். மாப்பிள்ளை பெயர் சிதம்பரகுமார். வாசலுக்கே வந்து என்னைக் கைபிடித்து ஏற்றினான். காப்பி வந்தது, பேசினோம். பேசி முடித்து இலை போட்டார்கள். இவர் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் அப்பா எதிரே, நான் இந்தப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசிறினாள், மேலே மின்விசிறி ஓடும்போதே.

"மதினி அன்னிக்கு அடுக்களைய விட்டு வரவேயில்ல, சரியா பாக்கவே முடியல. இப்ப நல்லா மெலிஞ்சுட்டியளே."

"பித்தப்பையில கல்லு" என்று இவர் முந்திக்கொண்டார்.

"அதுவும் நல்லதுக்குத்தான். தப்பா நெனைக்காதிய மதினி, எங்க பையன் மொதல்ல கொஞ்சம் யோசிச்சான். ஒங்களப் பாத்துட்டுத்தான். நான்தான் போன்ல பேசிப் பாருன்னேன். சங்கரி தங்கமான பிள்ளை. இவன் சொன்னத அப்படியே கேட்டுக்கிட்டா. ராச்சாப்பாட்ட விட்டே ரெண்டு மாசம் ஆச்சாம்லா. தெனமும் காலையில எடை மெஷின்ல நின்னு போட்டோ எடுத்து அனுப்பிருதா. சொல்பேச்சு கேக்குற பிள்ளை கிடைக்கது இந்தக் காலத்துல லேசா?"

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் விட்டார்கள்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகாலில் கிடந்த முடி என்னுடையது இல்லை. கேன்டீனுக்கு அவள் போகவே இல்லை. என் துணைக்கு என்று சொன்ன சூப்பு எனக்குத் துணைக்கு இல்லை. இத்தனையும் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. நான் ஒரு வாய்ச் சோற்றை விழுங்கிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன மதினி, இலையையே பாத்துக்கிட்டு இருக்கிய?"

"எண்ணெய் கம்மியாத்தான் போட்டிருக்கு அத்தை. பயப்படாம சாப்பிடுங்க" என்றான் மாப்பிள்ளை. கேலியில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

"தம்பி, அவ ராத்திரி என்ன சாப்பிடுதா?" என்று கேட்டேன்.

"வெள்ளரிக்காய் ஒரு கப் அத்தை. நான் ஃபோர்ஸ் பண்ணல. பசிக்கலன்னு அவங்களேதான் சொல்றாங்க."

"அவளுக்குப் பசிக்கும். எனக்குத்தான் பசிக்காது. எனக்கு இரைப்பைய வெட்டி எடுத்துட்டாங்க."

இவர் "வல்லி" என்றார். நான் நிறுத்தவில்லை. கல் இல்லை, குண்டுக்குத்தான் ஆபரேஷன், மதுரையில், ஒரு மாசம் ஆகிறது என்று சொல்லிமுடித்தேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "அட, அதுக்கென்ன மதினி, எங்ககிட்ட சொல்லியிருந்தா கஞ்சி வச்சிருப்பேன்லா? ஒடம்புக்கு முடியலன்னா யாரும் குத்தமா எடுக்கமாட்டோம். பாயசத்த ஒரு சொட்டு விரல்ல தொட்டு நாக்குல வச்சிருங்க. சாஸ்திரத்துக்கு. போதும்" என்றாள்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் மட்டும் பொய் சொல்லியிருந்தால் போதும். சோறு இறங்காது என்று சொல்லிவிட்டு விரலைத் தொட்டு வைத்திருந்தால் தாலிக்கு நாள் பார்த்திருப்பார்கள்.

"முடியும் மதினி. நேத்து வீட்ல ஒரு வாய் சாப்பிட்டேன், எறங்குச்சு. இங்க வேண்டாம்."

எழுந்துவிட்டேன். முட்டு வலித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் இலையையும் என்னையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூட வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையும் காய்ந்துதான் இருந்தது.

கார் சங்கரன்கோவில் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம், "எனக்குப் பசிக்கி வல்லி" என்றார். ஓட்டலில் நிறுத்தினோம். அவர் சாப்பிட்டார், நான் ஒரு டம்ளர் மோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பிள்ள சாப்பிடலன்னு எனக்குத் தெரியாதுளா" என்றார்.

"கூடவே கெடந்த எனக்கே தெரியலியே" என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சங்கரியிடம் சொன்னேன். "என்னக் கேக்காம நீ எப்படிம்மா எந்திரிக்கலாம்? என் வாழ்க்கை அது" என்று கத்தினாள். அவள் கேட்பது நியாயம்தான். போனை வைத்துவிட்டாள்.

தரகர் வந்து, இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போன் எடுக்கவில்லை. கூழாக்கிய கீரை, மூன்று ஸ்பூன். அதற்குமேல் இறங்கவில்லை. இது ஆபரேஷனால் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

சங்கரி வந்துவிட்டாள். சொல்லாமல் வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே அடுக்களைக்கு வந்து நின்றாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. ஒரு மாசம் கூடவே இருந்து இதைப் பார்க்காத என் கண்ணை என்ன சொல்ல.

"உன்ன யாரும்மா வெட்டிக்கிடச் சொன்னா?" என்றாள்.

"உன்ன யாருளா பட்டினி கெடக்கச் சொன்னா?"

மாவுச் சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். அப்புறம் அழுதாள். "அவருக்காக மட்டும் இல்லம்மா. உன்ன மாதிரி ஆயிரக்கூடாதுன்னு எனக்கு சின்னதுல இருந்தே பயம்."

அது வலித்தது. அஞ்சு ஓட்டையையும் சேர்த்து வைத்தாலும் அப்படி வலித்திருக்காது. ஆனால் அவள் சொன்னதும்தான், மதுரையில் அந்த மனநல அம்மா கேட்ட கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் என் வாயில் வந்தது. "எனக்கும் அதே பயந்தான்ட்டி. அதுக்குத்தான் வெட்டிக்கிட்டேன்" என்றேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

இன்றைய சாப்பாடு. எனக்கு: குழைத்த சாதம் இரண்டு ஸ்பூன், பருப்பு, மோர். சங்கரிக்கு: தோசை ஒன்று முழுதாக, இரண்டாவதில் பாதி. மீதிப் பாதி தட்டில் இருக்கிறது. முன்பானால் பேசிக்கொண்டே எடுத்து என் வாயில் போட்டிருப்பேன், கதை முடிந்திருக்கும். இனிமேல் அது என்னால் முடியாது. அவளும் தட்டைத் தள்ளிவைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லில் இன்னொன்று ஊற்றட்டுமா என்று கேட்டேன். இதை முதலில் முடிக்கிறேன் என்கிறாள்.